வளையும் சாய சோலார் செல்: மின்னேற்ற பிளாக் கோபாலிமர் ஜெல் போட்டால் கரன்ட் 3.1 மில்லிஆம்புக்கு மேல் ஏறவில்லை

சாயக்குப்பி:

வணக்கம். பிளாஸ்டிக் ஷீட்டில் செய்த சாய சோலார் செல்லுக்கு (டைட்டானியாவில் ஏறிய சாயம் ஒளியை வாங்கி எலக்ட்ரான் தரும் வகை) பிளாக் கோபாலிமரில், அதாவது வெவ்வேறு வகைத் துண்டுகளை (பிளாக்) கோத்த சங்கிலியில், செய்த ஜெல் எலக்ட்ரோலைட் போடுகிறேன். மூன்று இடத்தில் முட்டி நிற்கிறது. விவரம் மொத்தமும் கீழே.

125 மைக்ரான் பிஇஎன் பிளாஸ்டிக் ஷீட், ஐடிஓ (மின்சாரம் கடத்தும் இண்டியம் டின் ஆக்சைடு) பூச்சு, சதுரத்துக்கு 15 ஓம். பைண்டர் இல்லாத பி25 (டைட்டானியா, அதாவது டைட்டானியம் டையாக்சைடு பொடி) பேஸ்ட், டாக்டர் பிளேடால் இழுத்துப் பரப்பியது, 140 டிகிரியில் அரை மணி. படலம் 6 மைக்ரான். சாயம் என்719, 0.3 மில்லிமோலார், இரவு முழுக்க ஊறல். எதிர்ப்பக்கம் அதே ஷீட்டில் ஸ்பட்டர் செய்த பிளாட்டினம். நடுவில் 60 மைக்ரான் சர்லின் (சூட்டில் ஒட்டும் சீல் படலம்). சதுரமான செல், 1 செ.மீ. × 1 செ.மீ.

முதல் ஜெல்: நடுவில் பாலி எத்திலீன் ஆக்சைடு, இரண்டு நுனியிலும் சார்ஜ். ஒரு பாலிமரில் குவானிடினியம், இன்னொன்றில் சல்ஃபோனேட். இரண்டையும் தண்ணீரில் 10% கலந்தால் அல்வா மாதிரி கெட்டியாக நிற்கிறது. சோடியம் அயோடைடு 0.5 மோலார் போட்ட உடனே ரசமாகிவிடுகிறது.

இரண்டாவது ஜெல்: பாலிஸ்டைரீன் – இமிடசோலியம் – பாலிஸ்டைரீன். வினைல்பென்சைல் குளோரைடு பிளாக்கை மெத்தில் இமிடசோலால் மாற்றியது. மெத்தாக்சி புரோப்பியோநைட்ரைலில் 15%. கூடவே புரோப்பைல் மெத்தில் இமிடசோலியம் அயோடைடு 0.6, அயோடின் 0.05, குவானிடினியம் தயோசயனேட் 0.1, டெர்ஷரி பியூட்டைல் பிரிடின் 0.5 மோலார். இது கெட்டியாகவே நிற்கிறது. ஆனால் ரீடிங் இப்படி:

பாலிமர் இல்லாத திரவம்: 8.9 மில்லிஆம்ப், 0.72 வோல்ட், ஃபில் ஃபேக்டர் (கரன்ட்–வோல்டேஜ் வளைவு எவ்வளவு சதுரம் என்ற அளவு) 0.62. செயல்திறன் கிட்டத்தட்ட 4%.
ஜெல்: 3.1 மில்லிஆம்ப், 0.74 வோல்ட், ஃபில் ஃபேக்டர் 0.70. 1.6%.

பாலிமர் டைட்டானியா படலத்தின் துளைக்குள் இறங்கவில்லை என்று நினைக்கிறேன். சரியா? மூன்றாவது, 20 மி.மீ. பிவிசி பைப் மேல் 20 தடவை வளைத்தால் வோல்டேஜ் 0.2க்கு விழுந்துவிடுகிறது.

தரமணி_பாலிமர்:

முதல் ஜெல்லை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள். அந்த வகையை 2011இல் கலிஃபோர்னியா பல்கலையின் சான்டா பார்பரா குழு காட்டியது, அதுவும் தண்ணீர் ஜெல்லாக. அங்கே சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் முடிச்சே எதிரெதிர் சார்ஜின் ஈர்ப்புதான். நீங்கள் அதில் அரை மோலார் உப்பைக் கொட்டுகிறீர்கள். அந்தச் செறிவில் தண்ணீருக்குள் ஒரு சார்ஜின் செல்வாக்கு 0.4 நானோமீட்டர் தாண்டினால் தெரியாது. முடிச்சு அவிழாமல் என்ன செய்யும்? சாய செல்லின் எலக்ட்ரோலைட் என்றாலே உப்புக் கரைசல். அதில் உப்பைக் குறைத்து ஜெல்லைக் காப்பாற்றுவது, புளியைக் குறைத்துப் புளிக்குழம்பு வைப்பது போல.

கவனிக்காமல் விடும் இன்னொன்று: குவானிடினியமும் சல்ஃபோனேட்டும் ஜோடி சேரும்போது அவற்றோடு வந்த குளோரைடும் சோடியமும் வெளியே விழும். நீங்கள் போடாத உப்பும் உள்ளே இருக்கிறது. போதாததற்கு என்719 தண்ணீரில் டைட்டானியாவை விட்டுக் கழன்று வரும்.

சுமையைத் தாங்கும் நுனிப் பிளாக் சார்ஜ் இல்லாததாக இருக்கவேண்டும், சார்ஜ் நடுவில் இருக்கவேண்டும். உங்கள் இரண்டாவது பாலிமர் அந்த அமைப்புதான். பாலிஸ்டைரீன் அந்தக் கரைப்பானில் கரையாமல் உருண்டைகளாகத் திரளும். ஒரு உருண்டைக்கும் அடுத்ததற்கும் நடுப் பிளாக் பாலம் போடும். உப்பு எவ்வளவு போட்டாலும் உருண்டை கரையாது. நடுப் பிளாக் சற்றுச் சுருங்கும், சில சங்கிலிகள் பாலம் போடாமல் அதே உருண்டைக்கே வளைந்து திரும்பும், ஜெல் கொஞ்சம் தளரும். அவ்வளவுதான்.

பாலிமரை ராஃப்ட் முறையில் (கந்தகக் குழு ஒன்று சங்கிலி வளர்வதைக் கட்டுப்படுத்தும் முறை) செய்திருந்தால் ஒரு கேள்வி: அந்தக் கந்தகக் குழுவான ட்ரைதயோகார்பனேட் சங்கிலியின் நடுவில் இருக்கிறதா, நுனியிலா? நடுவில் இருந்து, முதல்நிலை அமீன் ஏதாவது பட்டுவிட்டால் சங்கிலி இரண்டாக வெட்டுப்படும். அப்போது கையில் இருப்பது டைபிளாக், இரண்டே பிளாக் உள்ள சங்கிலி. டைபிளாக் பாலம் போடாது, இந்தச் செறிவில் வெறும் மிசெல் (தனித்தனி உருண்டை) கஞ்சிதான். நுனியில் இருந்தால் 20 மடங்கு ஏஐபிஎன் (சூட்டில் ரேடிக்கல் தரும் சேர்மம்) போட்டு டொலுவீனில் 80 டிகிரியில் கழற்றிவிடுங்கள். இதை இமிடசோல் ஏற்றுவதற்கு முன்னால் செய்யவேண்டும். சார்ஜ் ஏறிய பிறகு டொலுவீனில் கரையாது. அந்தக் கந்தகம் தயோலாக மாறினால் அயோடினைத் தின்னும், பிளாட்டினத்தையும் கெடுக்கும்.

ஐவி_வளைவு:

துளைக்குள் இறங்கவில்லை என்ற முடிவுக்கு அவசரப்படாதீர்கள். உங்கள் எண்களே வேறு கதை சொல்கின்றன. கரன்ட் மூன்றில் ஒன்றாகி, ஃபில் ஃபேக்டர் 0.62இலிருந்து 0.70க்கு ஏறியிருக்கிறது. தொடர் மின்தடை குற்றவாளி என்றால் ஃபில் ஃபேக்டர் குறைந்திருக்கும். மேலிருந்து ஒரு கூரை வைத்து வெட்டினால்தான் வளைவு இப்படிச் சதுரமாகும். அயோடினைச் சுமக்கும் ட்ரைஅயோடைடு எதிர்ப்பக்கத்துக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கிறது, கூரை அதுதான்.

இரண்டு சோதனை, ஒரு மணி நேரத்தில் முடியும். ஒன்று, ஒளியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து இரண்டு செல்லையும் அளக்கவும். துளை காலியாக இருந்தால் மங்கிய ஒளியிலும் ஜெல் செல் மூன்றில் ஒன்றுதான் தரும். போக்குவரத்துச் சிக்கல் என்றால் இரண்டும் சமமாக வரும். இரண்டு, ஷார்ட் சர்க்யூட்டில் வைத்துக்கொண்டு ஷட்டரைச் சட்டென்று திறந்து, கரன்ட்டை நேரத்தோடு பதியவும். முதலில் குதித்துப் பிறகு இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஐவி ஓட்டத்தை (வோல்டேஜை மாற்றிக்கொண்டே கரன்ட்டை அளப்பது) வினாடிக்கு 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஓட்டவேண்டாம். ஜெல் செல்லை வேகமாக ஓட்டினால் அந்த முதல் குதியைத்தான் அளப்பீர்கள், நம்பர் அழகாக வரும், பொய்யாகவும் வரும்.

சாயக்குப்பி:

இரண்டும் பார்த்தாயிற்று சார். பத்தில் ஒரு பங்கு ஒளியில் திரவம் 0.88, ஜெல் 0.86. ஷட்டர் திறந்ததும் ஜெல் 7க்குப் பக்கம் குதித்து, மூன்று நான்கு வினாடியில் 3.1க்கு இறங்கி நிலையாகிறது. ட்ரைதயோகார்பனேட் நுனியில்தான், கழற்றியாயிற்று. மூலக்கூறு எடை: நுனிப் பிளாக் தலா 7,500, நடுப் பிளாக் குளோரைடு நிலையில் 40,000.

ஐவி_வளைவு:

அப்படியானால் துளை நிரம்பித்தான் இருக்கிறது, சாயமும் நன்றாகவே எலக்ட்ரான் தருகிறது. கணக்கைப் போடுவோம்.

எல்லை மின்னோட்டம் = 4 × ஃபாரடே எண் × பரவல் கெழு × அயோடின் செறிவு ÷ இடைவெளி. செறிவு 0.05 மோலார் என்றால் கன செ.மீ.க்கு 0.00005 மோல். இடைவெளி 0.006 செ.மீ. பரவல் கெழு வினாடிக்கு ஒரு சதுர செ.மீ.யில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 3.2 மில்லிஆம்ப் வருகிறது. உங்கள் 3.1 அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இடைவெளியின் வர்க்கத்தைப் பரவல் கெழுவாலும் பை வர்க்கத்தாலும் வகுத்தால் 3.6 வினாடி. நீங்கள் பார்த்த இறக்கமும் அதே அளவு. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் நம்பலாம்.

முதல் திருத்தம் 60 மைக்ரான் சர்லினை 25 ஆக்குவது. வேறு எதையும் தொடாமலே எல்லை 7.7க்குப் போகும். இரண்டாவது, 15% பாலிமர் தேவையே இல்லை, 8 போதும். அயோடினை ஏற்றுவது கடைசி. 0.05ஐ 0.08 ஆக்கினால் எல்லை 1.6 மடங்கு, பதிலுக்கு வோல்டேஜில் 12 மில்லிவோல்ட் வாக்கில் போகும், ஏனென்றால் திரும்பி வந்து எலக்ட்ரானைப் பிடிக்க ஆள் கூடுகிறது. மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

பக்கத்தில் ஒரு கன்ட்ரோல் செல் வையுங்கள்: அதே திரவத்தில் பிவிடிஎஃப்-ஹெச்எஃப்பி 5%. 2003இல் இந்த வகை செல்லுக்குப் பேர்போன க்ரெட்செல் குழு இசட்907 சாயத்தோடு அந்த ஜெல்லைப் போட்டு 6%க்கு மேல் எடுத்தது, 80 டிகிரியில் 1000 மணி நேரம் தாங்கியது. அது சார்ஜ் இல்லாத பாலிமர், பரவல் கிட்டத்தட்ட திரவம் மாதிரியே இருக்கும். உங்கள் ஜெல் அதைவிட எவ்வளவு பின்தங்குகிறதோ, அதுதான் சார்ஜுக்கு நீங்கள் கொடுக்கும் விலை.

தரமணி_பாலிமர்:

மேலே சொன்னதோடு சேர்த்து: சார்ஜ் இங்கே கையும் கொடுக்கும், கழுத்தையும் பிடிக்கும். நேர் சார்ஜ் சங்கிலியில் கட்டுண்டு நிற்பதால் நகர்வது அயோடைடு மட்டும், அது லாபம். ஆனால் ட்ரைஅயோடைடும் எதிர் சார்ஜ்தானே, அதுவும் சங்கிலியோடு ஒட்டி உலாவும். அயோடினை அளவுக்கு மீறிக் கொட்டினால் சங்கிலி சுருண்டு பழுப்புக் கட்டியாக ஒதுங்கும், பக்கத்தில் தெளிவான திரவம் நிற்கும். அயோடின் ஒரு பங்குக்கு மொத்த அயோடைடு ஐந்து பங்குக்குக் கீழே போகக்கூடாது.

மொத்தம் என்றால் பாலிமரில் உள்ளதையும் சேர்த்து. இதைக் கணக்கில் எடுக்காதவர்களே அதிகம். உங்கள் நடுப் பிளாக்கின் ஒரு அலகின் எடை அயோடைடு நிலையில் 326. குளோரைடு பிளாக் 40,000 என்றால் 262 அலகு. அயோடைடு ஆனபின் அது 85,000 சொச்சம், நுனிகளோடு சேர்த்தால் பாலிமரின் எடையில் 85% அயனிப் பகுதி. 5 மி.லி.க்கு 440 மி.கி. போட்டால் அதிலிருந்தே 0.23 மோலார் அயோடைடு வந்துவிடுகிறது. ஆகவே தனி உப்பை 0.6இலிருந்து 0.4 ஆகக் குறைக்கலாம்.

5 மி.லி.க்கான அளவு: பாலிமர் 440 மி.கி., புரோப்பைல் மெத்தில் இமிடசோலியம் அயோடைடு 504, குவானிடினியம் தயோசயனேட் 59, அயோடின் 102 மி.கி. (கடைசிப் படியான 0.08 மோலாருக்கு), பியூட்டைல் பிரிடின் 0.37 மி.லி., மீதி மெத்தாக்சி புரோப்பியோநைட்ரைல்.

வரிசை முக்கியம். பாலிமர், உப்பு, தயோசயனேட், நைட்ரைலில் முக்கால் பங்கு: இவற்றை டைகுளோரோமீத்தேன் – மெத்தனால் 9:1 கலவையில் முழுதாகத் தெளியும்வரை கரைக்கவும். இரண்டு பிளாக்குக்கும் ஒத்துப்போகும் துணைக் கரைப்பான் இல்லாமல் நேரடியாகச் சூடாக்கிக் கிளறினால் பாலிஸ்டைரீன் பெரிய கட்டியாகத் திரண்டு, எத்தனை மணி நேரம் கிளறினாலும் ஜவ்வரிசி மாதிரி மிதக்கும். பிறகு 40 டிகிரியில் லேசான வாக்குவத்தில் துணைக் கரைப்பானை இழுக்கவும், எடை இறங்குவது நிற்கும்வரை. நைட்ரைல் 165 டிகிரியில்தான் கொதிக்கும் என்றாலும் ஆழ்ந்த வாக்குவத்தில் அதுவும் கொஞ்சம் போகும். எடை பார்த்து இட்டு நிரப்புங்கள். இவை முடிந்தபின்தான் அயோடினும் பியூட்டைல் பிரிடினும், மீதி நைட்ரைலில் கரைத்து, 80 டிகிரியில் இளகிய ஜெல்லில் துளித்துளியாக. அயோடினை முதலிலேயே போட்டுவிட்டு வாக்குவம் இழுத்தால் அது பம்ப் எண்ணெய்க்குள் போய்ச்சேரும். பாட்டிலில் பழுப்பு வெளுப்பதைப் பார்த்துத்தான் தெரியும்.

பாலிமரில் இருந்த குளோரைடு முழுக்க அயோடைடாக மாறியதா என்று பார்த்தீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

சாயக்குப்பி:

சோடியம் அயோடைடு கரைசலில் டயாலிசிஸ் (சவ்வு வழியாக அயனி மாற்றுவது) இரண்டு முறை, பிறகு கேன் தண்ணீரில் கழுவினேன். சில்வர் நைட்ரேட் போட்டால் கழுவின தண்ணீர் எப்போதும் கலங்குகிறது, எத்தனை முறை மாற்றினாலும்.

தரமணி_பாலிமர்:

கலங்குவது உங்கள் பாலிமர் இல்லை, கேன் தண்ணீரில் உள்ள குளோரைடு. பாலிமரே இல்லாமல் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சென்னையில் போர் தண்ணீரோ கேனோ, எதுவும் இந்த வேலைக்கு ஆகாது, டீஅயனைஸ்டு தண்ணீர்தான். இல்லையென்றால் கழுவக் கழுவ அயோடைடை எடுத்துவிட்டுக் குளோரைடைத் திரும்ப ஏற்றுகிறீர்கள்.

சோதனை இப்படி: 10 மி.கி. பாலிமரை மெத்தனால் – தண்ணீரில் கலக்கி, அதிகப்படி சில்வர் நைட்ரேட் விடுங்கள். மஞ்சள் படிவு வரும், அது சில்வர் அயோடைடு. வடிகட்டி, படிவை நீர்த்த அம்மோனியாவில் குலுக்குங்கள். சில்வர் அயோடைடு கரையாது, சில்வர் குளோரைடு கரையும். அந்த அம்மோனியாவை வடித்து நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கினால் வெள்ளையாகக் கலங்கக்கூடாது. கலங்கினால் குளோரைடு பாக்கி. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை ராத்திரி வைத்துவிட்டுப் போகவே கூடாது, வெடிக்கும் படிவு உண்டாகும். அப்போதே அமிலமாக்கிவிடுங்கள்.

வளைகம்பி:

வளைப்பது பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். வோல்டேஜ் 0.2க்கு விழுந்தது என்றால் ஐடிஓ வெடிப்பு இல்லை ப்ரோ, ஷார்ட். ஐடிஓ வெடித்தால் தடை ஏறும், ஃபில் ஃபேக்டர் சரியும், வோல்டேஜ் அப்படியே நிற்கும். இருட்டில் மல்டிமீட்டரை இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள், ஒரே சின்ன எண் வந்தால் சந்தேகமே இல்லை.

ஐடிஓவுக்கு விழும் நீட்சி: தடிமன் ÷ இருமடங்கு ஆரம். ஜெல் மெத்தென்று இருப்பதால் இரண்டு ஷீட்டும் தனித்தனியாகத்தான் வளைகின்றன. 0.125 ÷ 20 = 0.6%. வெடிப்பு தொடங்கும் அளவுக்குக் கீழே இருக்கிறது. 5 மி.மீ. ஆரத்துக்குப் போனால் 1.25%, அங்கே பயப்படலாம்.

ஷார்ட் எப்படி வருகிறது என்றால்: 1 செ.மீ. நீளத்தை 10 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் ஒரு ரேடியன். இரண்டு ஷீட்டின் நடுக்கோட்டுக்கும் இடையே 185 மைக்ரான். ஆக உள்பக்க ஷீட்டுக்கு 0.185 மி.மீ. நீளம் மிச்சமாகிறது. இரண்டு ஓரமும் சர்லினில் ஒட்டியிருப்பதால் அந்த மிச்சம் போக இடமில்லாமல் புடைக்கும். சர்லின் கொஞ்சம் நெளிந்துகொடுத்தாலும், புடைப்பு அரை மி.மீ.க்கு மேல் போகப் பார்க்கும். உங்கள் இடைவெளியோ 60 மைக்ரான், அடுத்து 25 ஆக்கப்போகிறீர்கள். ஜெல் அதைத் தடுக்காது, பிதுங்கி வழிவிடும்.

ஆகவே நடுவே தூண் வேண்டும். சர்லினில் ஒரு மி.மீ. பொட்டுகள் பஞ்ச் பண்ணி, டைட்டானியாவில் அந்த இடங்களைச் சுரண்டிவிட்டு, 2 மி.மீ.க்கு ஒன்றாக வைத்து அழுத்துங்கள். சுரண்டாமல் டைட்டானியா மேலேயே ஒட்டினால் துளை வழியாகக் கசியும், பிடிப்பும் இருக்காது. லித்தியம் பேட்டரியில் வரும் பாலிப்ரோப்பிலீன் செபரேட்டரையும் சிலர் நடுவில் வைப்பார்கள். ஷார்ட்டுக்கு அது பக்கா. ஆனால் அதன் துளை பாதிப் பரப்புகூட இல்லை, ஐவி_வளைவு சார் கஷ்டப்பட்டுச் சேர்த்த பரவலை அது பாதியாக்கிவிடும். என் ஓட்டு பொட்டுக்குத்தான். சதுர செல்லை விட்டுவிட்டு 5 மி.மீ. பட்டையாகப் போடுங்கள், நீளவாக்கு பைப்புக்கு இணையாக இருக்கட்டும். டைட்டானியா ஓரத்துக்கும் சீலுக்கும் நடுவே வெறும் ஐடிஓ தெரிவது அரை மி.மீ.க்கு மேல் வேண்டாம். பிளாட்டினம் முதலில் தொடுவது அங்கேதான்.

மொட்டைமாடி:

சித்திரை வெயிலில் மாடியில் வைத்த செல் 60 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பியூட்டைல் பிரிடின் பாலிஸ்டைரீனை ஊறவைத்து இளக்கும் என்பதால், பாலிஸ்டைரீன் 100 டிகிரிவரை கெட்டி என்ற பாடப்புத்தகக் கணக்கு இந்த ஜெல்லுக்குச் செல்லாது. குப்பியில் 2 மி.லி. எடுத்து 70 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் தலைகீழாக நிறுத்துங்கள். வழிந்தால் நுனிப் பிளாக்கை 10,000க்கு மேல் ஏற்றவேண்டும், அல்லது பிரிடினை 0.3க்குக் குறைக்கவேண்டும். 80இல் இளகி 70இல் நிற்பது மெல்லிய கயிறுதான், ஆனால் நிரப்புவதற்கு அந்த இளக்கம் வேண்டும். நிரப்பும்போது செல்லையும் 80இல் வைத்து, துளையில் சொட்டு விட்டு, வாக்குவம் இழுத்து விடவும். ஆறின செல்லில் சூடான ஜெல் விட்டால் வாயிலேயே உறைந்துவிடும்.

சர்லின் பிஇஎன் மேல் 115 டிகிரி, 15 வினாடி. பிஇடி (பிஇஎன்னைவிடச் சூடு தாங்காத பிளாஸ்டிக்) ஷீட் இருந்தால் இந்தச் சூட்டில் சுருங்கி நெளியலாம், முயலவேண்டாம். கரன்ட் எடுக்கும் சில்வர் பேஸ்ட் சீலுக்கு வெளியே மட்டும். அயோடின் ஆவி பட்டாலே வெள்ளி மஞ்சளாகும், ஒரு மி.மீ. உள்ளே போனாலும் ஒரு வாரத்தில் கோடு அறுந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் பிஇஎன் வழியாகவே ஈரம் உள்ளே வரும், சீல் எவ்வளவு நன்றாக இருந்தாலும். அந்த மாதங்களில் என்719க்குப் பதில் தண்ணீரை ஒதுக்கும் நீளவால் உள்ள இசட்907 போடுங்கள். படலத்தை 4 மைக்ரானாக மெலிதாக்கி டி149 என்ற சாயம் போடலாம் என்றும் ஒரு வழி உண்டு. அதன் உறிஞ்சல் என்719ஐப் போல நாலைந்து மடங்கு, மெல்லிய படலம் வளைத்தால் உதிர்வதும் குறைவு. அதை 0.5 மில்லிமோலாரில், கீனோடீஆக்சிகோலிக் அமிலம் 1 மில்லிமோலார் சேர்த்து, அசிட்டோநைட்ரைல் – டெர்ஷரி பியூட்டனாலில் ஊறவைக்கவேண்டும். சில மணி நேரம் போதும். ஒன்று மட்டும்: டெர்ஷரி பியூட்டனால் 25 டிகிரியில் உறையும். ஏசி அறையில் பாட்டில் கல்லாகிக் கிடந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், வெளியே ஜன்னல் திண்டில் பத்து நிமிடம் வைத்தால் இளகிவிடும்.